எந்தக் கண்ணு?

பழிவாங்குவதற்கு ஏற்ற நிறம் பழுப்பு. கறுப்பு அவசரக்காரி. கோடு கொஞ்சம் கோணினாலும் அங்கேயே நின்று ஊரைக் கூட்டிவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் விளம்பர ஆசை அதிகம். பழுப்புதான் இமையோடு இமையாகப் பதுங்கிக்கொண்டு, கண் மூடியிருக்கும்வரை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, திறந்ததும் தன் வேலையைக் காட்டும். அதிலும் தண்ணீருக்கு அசையாத பழுப்புப் பென்சில் என்றால் இன்னும் விசேஷம். ஈரக் காகிதத்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, எண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுத்ததை எல்லாம்தான் என் ஓரகத்தி சுருட்டிக்கொண்டு போய்விட்டாளே.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்களும் மாமியாரும். சமையலறை ஒன்று, நல்ல வெளிச்சம் விழும் குளியலறைக் கண்ணாடியும் ஒன்று. நான் அவளை அக்கா என்பேன், வாங்க போங்க என்பேன். அவள் என்னை ‘அரைத்தூக்கம்’ என்பாள்.

எல்லாம் என் கண்ணால் வந்தது. எனக்கு இடது இமை பிறவியிலேயே கொஞ்சம் இறங்கினது. பார்வைக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆனால் எந்தப் போட்டோவிலும் பாதி நான் விழித்திருப்பேன், பாதி நான் தூங்கிக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில், எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அரைத்தூக்கத்துக்கு ஒரு கப் கொடுங்கப்பா, முழிச்சுக்கட்டும் என்றாள். மாமியாருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒட்டிய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

நான் வேலை பார்ப்பது மூன்று மாடித் துணிக்கடையின் பின்னறையில். வாங்கிக்கொண்டு போய், பிடிக்கவில்லை, பொருந்தவில்லை, வீட்டில் திட்டுகிறார்கள் என்று திருப்பிக் கொண்டுவரும் துணியெல்லாம் என்னிடம் வரும். விரித்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். மறுபடி விற்கலாம் என்றால் மேலே போகும். பட்டன் போனது, தையல் கோணினது, கழுத்தில் மை அப்பினது எல்லாம் விலையைக் குறைத்து ஓர் ஓரத்து ரேக்கில் தொங்கும். அதைக் கடையில் எல்லாரும் குறை ரேக் என்போம். கழுத்துப்பட்டியைப் பார்த்தே போட்டுப் பார்த்தவளின் முகத்தைச் சொல்லிவிடுவேன். உதட்டுச்சாயம் பட்டிருந்தால் அவசரக்காரி. கண்மை பட்டிருந்தால், முதலில் மை போட்டுவிட்டு அப்புறம் தலை வழியாகத் துணியை மாட்டுகிற ரகம். அந்த ரகத்தைத் திருத்தவே முடியாது.

என் ரசனை வளர்ந்தது அந்தக் குறை ரேக்கில்தான். பை இல்லாத ஆண்கள் சட்டை ஒன்றைக் கையை மடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஜிப் சிக்கின கடுகு நிற ஜாக்கெட் ஒன்றை யாரும் சீந்தவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மெழுகுவத்தியை ஜிப்பில் தேய்த்தேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. இதையெல்லாம் ஒரு போட்டோவும் நாலு வரியுமாகப் போனில் எழுதிப் போடுவேன். ‘சட்டை பொருந்துமா என்று தோளைப் பார்த்துச் சொல்லுங்கள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம், தோளைப் பிடிக்க முடியாது.’ ‘நின்று பார்த்து வாங்குகிற பாவாடை உட்கார்ந்தால் காலை வாரும், கடையிலேயே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.’ இப்படித்தான். படிக்க ஆள் கொஞ்சம். ஆனால் படித்தவர்கள் பதில் எழுதினார்கள்.

அப்புறம் கண். சோப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, குளியலறை வெளிச்சத்தில் நானே வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தேன். கடையில் விற்கிற ஒப்பனை எல்லாம் ஒரே மாதிரி இரண்டு கண் உள்ளவர்களுக்காகச் செய்தது. என்னைப் போன்றவர்கள் இரண்டு இமைக்கும் ஒரே கோட்டைப் போட்டால் வித்தியாசம் போகாது, தம்பட்டம் அடிக்கும். அதனால் நான் கண்டுபிடித்தது ஒரு பேச்சுவார்த்தை. கண்ணை மூடவே கூடாது. திறந்து, நேராகப் பார்த்துக்கொண்டு, எங்கே நிழல் வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி குறித்துக்கொள்ள வேண்டும். இறங்கிய இமைக்கு மயிரிழைக் கோடு போதும், தடிமனாகப் போட்டால் இருக்கிற இடத்தையும் தின்றுவிடும். மடிப்புக்கு மேலே கொஞ்சம் பழுப்பு, நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம், இமைமயிரை நன்றாகச் சுருட்டித் தூக்க வேண்டும். நல்ல கண்ணுக்குத் தடித்த கோடு. அது கொஞ்சம் இறங்கி வரும், இது கொஞ்சம் ஏறி வரும், நடுவில் இரண்டும் கைகுலுக்கும். இதைப் பிடிக்க எனக்கு எத்தனை காலைகள் ஆயின என்று கண்ணாடிக்குத்தான் தெரியும். முதல்முறை சரியாக வந்த அன்று நான் வேலைக்குப் போகும் வழியெல்லாம் கடைக் கண்ணாடிகளில் என்னையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

முதலில் ஜாக்கெட் போனது. ஒரு நாளைக்குக் கொடுடி என்று வாங்கிய ஓரகத்தி, அதைப் போட்டுக்கொண்டு வீடியோ ஒன்று எடுத்தாள். தானே தேடிக் கண்டுபிடித்ததாம், ஜிப்புக்கு மெழுகு போட்டதும் தானாம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளுக்கு வாய் உண்டு, சரிசமமான கண் உண்டு, மாடியில் நல்ல ஜன்னல் உண்டு. கூட்டம் சேர்ந்தது. அடுத்து என் வரிகள் போயின. ஒருநாள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், மாமியார் போனைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம், தோளைப் பிடிக்க முடியாது’ என்று என் வாக்கியம் அவள் குரலில் வருகிறது. எவ்ளோ கரெக்டா சொல்றா பாரு என்றார் மாமியார். நறுக்கின காயையே மறுபடியும் நறுக்கினேன்.

கடைசியாகக் கண்களின் அந்தப் பேச்சுவார்த்தையையும் எடுத்துக்கொண்டாள். அதற்கு ‘சமன் கோடு’ என்று ஒரு பெயர் வைத்தாள். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, பாவம், கண்ணு கொஞ்சம் கோளாறு, அவளுக்காக நானே யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன் என்றாள். பாவம் என்று அவள் சொன்னபோது உதட்டைப் பிதுக்கின விதத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

கேட்கத்தான் செய்தேன். மாடிப்படியில் நிறுத்தி, அது நான் செய்ததுதானே அக்கா என்றேன். வீட்டுக்குள்ள பேசுறதுதானே, யார் சொன்னா என்ன என்றாள். மாமியாரும் அதே பாட்டைத்தான் பாடினார், ஒரே வீட்டில் உன்னுது என்னுது எதற்கு என்று. என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போனார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அண்ணன் சங்கடப்படுகிறார், நீ உன்னுடையதை எடுத்துவிடு, சின்ன விஷயம் என்றார். சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்து முடித்த பிறகுதான் உறைத்தது, இனி அது என்னுடையது என்று காட்ட ஒரு துரும்பும் என்னிடம் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் கடையின் கீழ்த்தளத்தில் கண் ஒப்பனைக்கென்று தனியாக ஒரு கவுண்டர் திறந்தார்கள். வருகிறவர்களை உட்காரவைத்துக் கண்ணுக்கு மை தீட்டிக் காட்டி, பென்சிலும் பிரஷும் விற்க வேண்டும். எங்கள் மேலாளரை எல்லாரும் மேடம் என்போம். நான் போய்க் கேட்டேன். மேடம் நல்ல மனுஷி. திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அதில் ஒரே ஓர் இடத்தில் பார்வை நின்றது, உடனே எடுத்துக்கொண்டார்.

“கவுண்டர்ல நிக்கிறவங்க முகத்தைப் பாத்துதானே வாங்குவாங்க. நீ உள்ள நல்லாத்தானே பண்ணிட்டு இருக்க” என்றார்.

பின்னறைக்குத் திரும்பிப் போய் ஒரு மூட்டைத் துணியை உதறி உதறி மடித்தேன். சில நாளில் மேடமே வந்து, வீடியோவில் பிரபலமான ஒருத்தர் கிடைத்திருக்கிறார், உன் சொந்தக்காரராமே, சமன் கோடு என்று ஒரு வித்தை வைத்திருக்கிறாராம் என்றார். வருகிற சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும், கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் கவுண்டர் அவருக்கு. அந்தக் கவுண்டர் எனக்கு வேண்டும். எனக்குக் கிடைக்காவிட்டாலும் தொலைகிறது, என் வித்தையை வைத்துக்கொண்டு அவள் அங்கே நிற்கக் கூடாது. அன்று முதல் சோறு இறங்கவில்லை, கறுவிக்கொண்டே திரிந்தேன்.

ஓட்டை எங்கே என்று அவளே காட்டிக்கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து அவள் எடுத்த வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ இடித்தது. நிறுத்திப் பார்த்தேன். தடித்த கோடு இடது கண்ணில் இருந்தது, மயிரிழைக் கோடு வலது கண்ணில். என் வீடியோவில் இருந்ததற்கு நேர்மாறு.

என் போனின் முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரியே பதிவுசெய்யும். என் இடது கண் திரையிலும் இடது பக்கமே இருக்கும். அதைப் பார்த்துத் தன் முகத்திலேயே போட்டுக்கொள்கிறவளுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் எதிரே ஒருத்தியை உட்காரவைத்தால் எல்லாம் மாறிவிடும், அவளுடைய இடது கண் நமக்கு வலது பக்கம் வரும். ஓரகத்தி பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறாள். இடது பக்கம் மெல்லிசு, வலது பக்கம் தடி, அவ்வளவுதான் அவள் பாடம். எந்த இமை இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் போடுகிறவளுக்கு இந்தத் தப்பு வரவே வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கண் சின்னதாகத் தெரிகிறதே என்று ஒருத்தி மட்டும் கேட்டிருந்தாள். கேமராக் கோணம் என்று பதில் போட்டிருந்தாள் என் ஓரகத்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் மேடத்திடம் போய், சனிக்கிழமைக்கு நானே உட்காருகிறேன், இந்த வித்தை என் மாதிரிக் கண்ணுக்குத்தானே என்றேன். மேடத்துக்கு வாயெல்லாம் பல். ஓரகத்திக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லாரும் கேட்க, பாத்தியா, இவளுக்குள்ளேயும் நல்ல மனசு இருக்கு என்று என் கன்னத்தைத் தட்டினாள். கறுப்புப் பென்சிலை எடுத்து வைத்தவளிடம், கடை வெளிச்சத்துக்குப் பழுப்புதான் எடுக்கும் அக்கா, வியர்வைக்கும் நிக்கும் என்று தண்ணீருக்கு அசையாத பென்சிலை நானே தேடிக் கொடுத்தேன். தேங்க்ஸ்டி என்றாள்.

பழிவாங்கப் போகும்போது என்ன உடுத்துவது என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் யோசித்தேன். பூப் போட்டது கூடாது, கண் அங்கே போய்விடும். கழுத்தில் ஒன்றும் கூடாது. காதில் சின்னதாக ஒரு பொட்டு. குறை ரேக்கில் கிடந்த கரும்பச்சைச் சட்டை ஒன்று, காலர் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கினது. அதைப் பிரித்துத் தைத்தேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. முடியை இழுத்துக் கட்டினேன். முகம் மட்டும் தெரிய வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு மைகூட இல்லாமல் போனேன்.

கீழ்த்தளத்தில் நல்ல கூட்டம். உயர நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். அவள் என் கடுகு நிற ஜாக்கெட்டில் வந்திருந்தாள். தன் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, தன் ரசிகர்களுக்கு நேரலையாகவும் ஓடவிட்டிருந்தாள். இவள் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி, இவளுக்காகத்தான் இந்தச் சமன் கோடு என்று தோளில் கைபோட்டுக் கூட்டத்துக்குச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, கண்ணை மூடுடி என்றாள்.

மூடினேன். மூடிய இமைகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், எதுவும் எதற்கும் இளைத்ததில்லை. பென்சில் மூடி கழலும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு என் நெற்றியில் பட்டது. காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

“எந்தக் கண்ணுடி?”

இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் எதிரெதிரே நின்றிருக்கிறோம். இந்தக் கண்ணுக்காகப் பெயர் வைத்தாள். இந்தக் கண்ணைக் காட்டிச் சிரிக்கவைத்தாள், பாவம் என்றாள், இந்தக் கண்ணை வைத்துப் பேர் வாங்கினாள். அது எந்தக் கண் என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இடது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, மென்று விழுங்கினேன்.

“என்னைக் கேக்குறீங்களே அக்கா, நீங்க கண்டுபிடிச்சதுதானே” என்றேன், அவளைப் போலவே மெதுவாக.

போட ஆரம்பித்தாள். என் வலது இமையில் மயிரிழைக் கோடு, மடிப்புக்கு மேலே நிழல், நடுவில் வெளிச்சம். அப்புறம் இடது இமைக்கு வந்து தடிமனாக, அழுத்தி, பட்டையாக இழுத்தாள். எனக்குள் ஒவ்வொரு இழுப்பும் இனித்தது. கூட்டத்துக்கு விளக்கம் வேறு. நல்ல கண்ணை இறக்கணும், இறங்கின கண்ணை ஏத்தணும். என் வீடியோவில் நான் சொன்ன வாக்கியம், வார்த்தை மாறாமல்.

இப்ப கண்ணைத் திறடி என்றாள். திறந்தேன்.

எங்கோ ஒரு களுக். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, ஏங்க, ஒரு கண்ணு காணாமலே போயிடுச்சே என்றார். வலது கண் ஆந்தை மாதிரி விரிந்திருந்தது. இடது கண் இருந்த இடத்தில் ஒரு பழுப்புப் பட்டைதான் மிச்சம். ஓரகத்தி ஈரக் காகிதத்தை எடுத்துத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், கன்னம்வரை இழுவிக்கொண்டு வந்தது. போனில் அவளுடைய ரசிகர்கள் கேள்விகளாகப் பொழிந்துகொண்டிருந்தார்கள். என் திட்டம் அத்தோடு முடிந்தது. எழுந்து போயிருப்பேன். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நிச்சயமாகப் போயிருப்பேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இவளுக்குப் பொறந்ததுலேந்தே கண்ணு இப்படித்தான், எந்த மையும் நிக்காது. நல்ல கண்ணு இருக்கிறவங்களுக்கு அழகா வரும்” என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். குறை ரேக்குக்குப் போக வேண்டிய துணியை நான் அப்படித்தான் பார்ப்பேன். நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

நீங்க உக்காருங்க அக்கா என்றேன். விழித்தாள். சும்மா உக்காருங்க, நான் ஒண்ணு காட்டுறேன் என்று நாற்காலியைத் தட்டினேன். தன் போன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளால் மறுக்க முடியாது, சிரிப்பை விடவும் முடியாது. உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். கண்ணை மூடப் போனவளிடம், மூடாதீங்க, என்னைப் பாருங்க என்றேன். பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்தது அன்றுதான்.

மற்றவர்களுக்கு நான் கோடு போட்டுப் பழகியவள் இல்லை. ஆனால் என் இறங்கின இமையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதை ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கவா தெரியாது? அவளுடைய இடது இமை முழுக்கப் பழுப்பைப் பூசி வெளிச்சத்தைக் கொன்றேன். மடிப்பை மூடினேன். இமைமயிரை மேலே தூக்காமல் விரலால் கீழே அழுத்தினேன். வெளி ஓரத்தில் கோட்டைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டேன். கீழே கொஞ்சம் நிழல். கூட்டத்துக்கும் சொல்லிக்கொண்டே போட்டேன். இறங்கின இமைன்னா இப்படித்தான் இருக்கும், இது இடது கண்ணு, முதல்ல இதைப் பாக்கத் தெரியணும், பாத்த பிறகுதான் பென்சிலையே தொடணும் என்றேன்.

முடித்துவிட்டு ஓர் அடி பின்னால் வந்தேன். அவள் முகத்தில் என் கண் இருந்தது.

கண்ணாடியில் நான் பார்த்த என் கண் எப்போதும் எனக்கு இடது பக்கம் இருக்கும். எதிரே நிற்பவர்களுக்கு அது எந்தப் பக்கம், எப்படித் தெரிகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இப்போது அது எனக்கு வலது பக்கத்தில், வேறொருத்தியின் முகத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் களைப்பான கண், அவ்வளவுதான். நான் பயந்திருந்த அளவுக்கு அசிங்கமாக இல்லை. அதைப் பார்த்து மனசு இளகியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் இன்னும் ஏறியது. இதற்காகவா என்னைப் பின்னறையில் வைத்தீர்கள், இதற்காகவா டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

கத்தவில்லை. பஞ்சில் எண்ணெய் தொட்டு என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கையடக்கக் கண்ணாடியை மேடத்திடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, புள்ளி குறித்து, இரண்டு கண்ணையும் கூட்டத்துக்கு முன்னாலேயே கைகுலுக்கவைத்தேன். நிமிர்ந்தபோது முன்வரிசைக் கண்ணாடிப் பெண்மணி தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கும் ஓர் இமை இறங்கியிருந்தது. வலது. எனக்கும் போட்டுவிடுவீங்களா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நகர்ந்து வந்தார்கள். மேடம் என் காதில், வர்ற சனிக்கிழமையிலேந்து கவுண்டர்ல நீயே நில்லு என்றார். சரி மேடம் என்றேன். மேடம் முன்பு சொன்ன வார்த்தையையும் நான் மறக்கப்போவதில்லை.

திரும்பிப் பார்த்தேன், ஓரகத்தி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. ஸ்டாண்டில் அவள் போன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இல்லாத நாற்காலியைக் காட்டிக்கொண்டு. அதை அணைத்தேன். பஞ்சையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஊழியர்கள் கழிப்பறைக்குப் போனேன், அவள் அங்கேதான் ஓடியிருப்பாள். இரக்கத்தினால் போகவில்லை. பார்க்கத்தான் போனேன்.

கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தண்ணீரால் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், ஜாக்கெட்டின் கைநுனியெல்லாம் நனைந்திருந்தது. மை அசையவில்லை. அழுதிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். வீட்டில் போய் என்ன சொல்வாள், மாமியார் என்ன ஆடுவார், என் வீட்டுக்காரர் எத்தனை நாள் பேசாமல் இருப்பார் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. விரலால் அந்த இமையைத் தொட்டாள்.

“வெளிய வரும்போது ஒரு பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சாடி” என்றாள். “உனக்கு தினமும் இப்படித்தானா?”

அவள் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்தாள். முதலில் வலது கண்ணை, அப்புறம் இடது கண்ணை. அங்கேயே பார்வை நின்றது. நான் ஏதாவது சொல்வேன், பரவாயில்லக்கா என்பேன் என்று காத்திருக்கிறாள் என்று புரிந்தது. எத்தனையோ தடவை சொன்னவள்தான் நான். அன்று வரவில்லை.

பஞ்சையும் புட்டியையும் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்தேன்.

“எண்ணெய் தொட்டுத் துடைங்கக்கா” என்றேன். “உங்களுக்குத் துடைச்சா போயிடும்.”